எரியும் பனிக்கட்டிக்கு அரசு எதற்குப் பணம் போடவேண்டும்?

வாசகர் ஒருவர் கேட்டது: "மீத்தேன் ஹைட்ரேட் ஆராய்ச்சி என்று அரசுகள் கொட்டுகிற பணம் எல்லாம் ஆராய்ச்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கத்தான். நாற்பது வருஷமாக 'இன்னும் பத்து வருஷத்தில்' என்கிறார்கள். இதை வைத்து ஒரு அடுப்பாவது எரிந்திருக்கிறதா? லாபம் இருந்தால் எண்ணெய் கம்பெனிகளே இறங்கியிருக்காதா?"

11 ஜனவரி 2025

அந்தச் சம்பளத்தை வாங்கியவர்களில் நானும் ஒருவன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாராவது தோண்டி எடுத்து "பார்த்தீங்களா" என்று கேட்கவேண்டாம். மூன்று வருஷம் அரசு நிதியில் ஓடிய ஒரு ஆய்வகத்தில் ஹைட்ரேட் வளர்த்தேன், அதாவது மீத்தேன் வாயுவை உள்ளே சிறைபிடித்து வைத்திருக்கும், பனிக்கட்டி மாதிரியான பொருள். வளர்ப்பது என்றுதான் சொல்வோம், ஏனென்றால் அது செடி மாதிரி, அதுவாக மனசு வைத்தால்தான் வரும். சொம்பு அளவு எஃகுக் கலம், பக்கவாட்டில் விரல் நுனி அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே பாதி தண்ணீர், மேலே மீத்தேன். அழுத்தம் எழுபது பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போலச் சுமார் எழுபது மடங்கு), வெப்பநிலை 2 டிகிரி. கணக்குப்படி உடனே உறையவேண்டும். உறையாது. கலக்கியைச் சுழலவிட்டு ஒரு நாள், சில சமயம் மூன்று நாள் உட்கார்ந்திருப்போம். எல்லாரும் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து வெப்பநிலைக் கோடு லேசாக எம்பும், அழுத்தம் சரியத் தொடங்கும், திரும்பி வந்து பார்த்தால் ஜன்னல் முழுக்க வெள்ளை.

சரி, கேள்விக்கு வருகிறேன். "லாபம் இருந்தால் கம்பெனிகளே இறங்கியிருக்கும்" என்பது பாதி சரி. கம்பெனிகளுக்கு ஹைட்ரேட்டை நம்மைவிட நன்றாகத் தெரியும், ஆனால் எதிரியாகத்தான் தெரியும். குளிர்காலத்தில் வாயுக் குழாய்களை அடைப்பது பனி இல்லை, இந்தப் பொருள்தான் என்று ஹாமர்ஷ்மிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1934இல் காட்டினார். அன்றிலிருந்து அது உறையாமல் இருக்கக் குழாய்க்குள் மெத்தனால் ஊற்றியே இந்தத் தொழில் ஓடுகிறது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவை மூட ஒரு ராட்சதப் பெட்டியை இறக்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதன் மேற்புறம் ஹைட்ரேட் அடைத்துக்கொண்டுதான் அந்த முயற்சி படுத்தது. ஆக, இது வராமல் தடுக்கக் கம்பெனிகள் கோடிகோடியாகச் செலவழிப்பார்கள். இதிலிருந்து வாயு எடுக்க என்றால் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பார்கள். அந்த நாற்காலியில் அரசு உட்கார்ந்திருக்கிறது.

11 ஜனவரி, இரவு

அடுப்பு விஷயத்தை விட்டுவிட்டேன். சைபீரியாவில் மெஸ்ஸோயாகா என்று ஒரு வாயு வயல், 1960களின் கடைசியில் தொடங்கியது, அங்கிருந்து நிக்கல் உருக்கும் நொரில்ஸ்க் நகரத்துக்கு வாயு போனது. அதில் ஒரு பகுதி ஹைட்ரேட் கரைந்து வந்த வாயு என்று மக்கோகன் முதலான சோவியத் அறிஞர்கள் சொன்னார்கள். அழுத்தம் எதிர்பார்த்த அளவு விழவில்லை என்பது அவர்கள் பக்கத்து வாதம். இன்றுவரை சண்டை ஓயவில்லை. உண்மை என்றால், வாசகர் கேட்ட அடுப்பு ஒரு நிக்கல் உலையாக இருந்திருக்கும்.

14 ஜனவரி

பணம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம், அங்கேதான் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். முதல் திட்டம் 1982 முதல் 1992 வரை, பத்து வருஷத்துக்கு மொத்தம் சுமார் 80 லட்சம் டாலர். பிறகு மூடிவிட்டார்கள். 2000 மே மாதம் மீத்தேன் ஹைட்ரேட் ஆராய்ச்சிக்கென்றே தனிச் சட்டம். ஐந்து ஆண்டுகளுக்கு 4.75 கோடி டாலர். 2005 எரிசக்திச் சட்டத்தில் அதை நீட்டித்து, 2006இல் 1.5 கோடியில் தொடங்கி 2010இல் 5 கோடி வரை படிப்படியாக ஏற்றி, மொத்தம் 15.5 கோடி டாலர் கொடுத்தார்கள். கொட்டினார்கள் என்று வாசகர் சொல்வது இதைத்தான் என்றால், ஆழ்கடலில் ஒரே ஒரு கிணறு தோண்டவே பல நேரம் 10 கோடி டாலர் ஆகிவிடும். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

15 ஜனவரி

நேற்று எழுதியதில் தப்பு. "கொடுத்தார்கள்" என்று எழுதிவிட்டேன். கொடுக்கவில்லை, கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். சட்டத்தில் எழுதும் அங்கீகாரத் தொகை ஒன்று, ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட்டில் விழும் ஒதுக்கீடு இன்னொன்று. 2010க்கு 5 கோடி என்று எழுதியிருந்தது, வந்தது அதில் பாதிகூட இல்லை. பந்திக்குக் கூப்பிட்டு இலையும் போட்டாயிற்று, சோறு மட்டும் வரவில்லை என்கிற கதை. நான் வேலை பார்த்த இடம் அமெரிக்காவில் இல்லை, ஆனால் இந்த இலையை நானும் பார்த்திருக்கிறேன். "மூன்றாண்டு அனுமதி" என்று காகிதத்தில் இருக்கும், இரண்டாவது வருஷத் தவணை பதினோரு மாதம் கழித்து வரும். அதுவரை வாயு சிலிண்டர் வாங்கக் காசில்லாமல் டிஎச்எஃப் என்கிற கரைப்பானைத் தண்ணீரில் கலந்து உறையவைத்துக் கொண்டிருந்தோம். அது 4 டிகிரியில், சாதாரணக் காற்றழுத்தத்திலேயே ஹைட்ரேட் ஆகிவிடும், ஏழைகளின் ஹைட்ரேட். அதை வைத்து இரண்டு கட்டுரை போட்டோம் என்பது வேறு விஷயம்.

16 ஜனவரி

"அப்படி என்னதான் இருக்கிறது இதில்" என்றவருக்கு: தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி உள்ளே மீத்தேனை அடைத்து வைத்திருக்கும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டை உடைத்தால் சுமார் 164 கன மீட்டர் வாயுவும் 0.8 கன மீட்டர் தண்ணீரும் வரும். முதல் எண்ணை எல்லாரும் சொல்வார்கள், இரண்டாவதை விட்டுவிடுவார்கள். அந்தத் தண்ணீரையும் யாராவது இறைத்து வெளியே கொண்டுவரவேண்டும்.

கையில் வைத்துப் பார்த்தது உண்டா என்றும் கேட்டார். உண்டு. கையுறை போட்டு ஒரு சின்ன வில்லையை எடுத்தால் சோடா மூடியைத் திறந்த மாதிரி சரசரவென்று இரையும். தீக்குச்சியைக் காட்டினால் நீலமும் மஞ்சளுமாக எரியும், கீழே தண்ணீர் சொட்டும். வருகிற ஒவ்வொரு அதிகாரிக்கும் இதைச் செய்து காட்டுவோம். எங்கள் நிதி புதுப்பிக்கப்பட்டதற்குக் கட்டுரைகளைவிட இந்த வில்லைதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். அதுதான் பிரச்சினையும். எரிவதைப் பார்த்தவர் அடுத்து "எப்போது குழாயில் வரும்" என்றுதானே கேட்பார்? நாங்கள் ஆமாம் சாமி போட்டுப் "பத்து வருஷத்தில்" என்போம். வாசகரின் கோபம் நியாயம்தான்.

19 ஜனவரி

பணம் போட்டு என்ன கிடைத்தது என்பதற்கு ஒரே ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கனடாவின் வடக்கே மக்கென்சி டெல்டாவில் மாலிக். 2002இல் கனடா, ஜப்பான், அமெரிக்கா, ஜெர்மனி, இந்தியா எல்லாம் சேர்ந்து கிணற்றுக்குள் சூடான நீரைச் சுற்றவிட்டார்கள். ஐந்து நாளில் வந்தது சுமார் 500 கன மீட்டர். 2008இல் அதே இடத்தில் சூடாக்குவதை விட்டுவிட்டு, கிணற்றிலிருந்து தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். ஆறு நாளில் சுமார் 13,000. சூடு காட்டாதே, அழுத்தத்தை இறக்கு என்பது ஒரு வரிப் பாடம். அந்த ஒரு வரிக்கு ஆறு வருஷமும் பல அரசுகளின் பணமும் ஆயிற்று. எந்தக் கம்பெனி இதற்குக் காத்திருக்கும்?

2013இல் கனடா அரசு இந்த ஆராய்ச்சியிலிருந்தே விலகிக்கொண்டது. பாடம் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடத்துக்கே பூட்டு.

20 ஜனவரி

ஜப்பானை விட்டுவிட்டுப் பேசினால் அநியாயம். வாயுவைக் கிட்டத்தட்ட முழுக்க வெளியிலிருந்து வாங்கும் நாடு, 2001இலேயே எம்எச்21 என்று ஹைட்ரேட் ஆராய்ச்சித் திட்டம் போட்டுவிட்டது. 2013 மார்ச்சில் தன் பசிபிக் கரையோரம் உள்ள நன்கய் பள்ளத்தில் சிக்யூ என்ற துளையிடும் கப்பலை நிறுத்தி, உலகிலேயே முதல் தடவையாகக் கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வாயு எடுத்தார்கள். கப்பலின் பின்புறம் தீ எரியும் அந்தப் படம் எங்கள் ஆய்வகச் சுவரில் ஒட்டியிருந்தது. ஆறு நாளில் 1.2 லட்சம் கன மீட்டர். ஏழாவது நாள் கிணற்றுக்குள் மணல்.

மணல் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகமுடியாது, இந்தத் துறையின் மொத்தத் தலைவலியும் அதில்தான் இருக்கிறது. ஹைட்ரேட் மணல் துகள்களுக்கு நடுவே சிமெண்ட் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதைக் கரைத்து வாயுவாக்கினால் சிமெண்ட்டையே உருவிவிட்டீர்கள் என்று அர்த்தம், சுவர் பொலபொலவென்று உதிர்ந்து வாயுவோடும் தண்ணீரோடும் சேர்ந்து கிணற்றுக்குள் வரும். 2017இல் புது வடிகட்டிகளோடு திரும்பப் போனார்கள். முதல் கிணறு 12 நாள், மறுபடி மணல். இரண்டாவது கிணறு 24 நாள் ஓடியது, மணல் தொல்லை இல்லை, சுமார் 2 லட்சம் கன மீட்டர். வெற்றிதான். ஆனால் ஒரு நாள் சராசரி 2013இல் 20,000, 2017இல் 8,300 சொச்சம். கிணறு நின்றது, வாயு குறைந்தது. கரையக் கரைய அதிகமாக வரும் என்று கணினி மாதிரிகள் சொல்லியிருந்தன. எங்களுடையதும்தான்.

20 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

சீனாக்காரர்கள் 2020இல் இந்தச் சாதனையை எல்லாம் உடைத்துவிட்டார்களே என்று ஒருவர். உடைத்தார்கள். தென்சீனக் கடலில் ஷென்ஹூ பகுதியில் 2017இல் 60 நாளில் 3.09 லட்சம் கன மீட்டர். 2020இல் கிடைமட்டக் கிணறு போட்டு 30 நாளில் 8.61 லட்சம். நாளொன்றுக்கு 28,700. ஆனால் வீட்டுக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். கன மீட்டருக்குச் சுமார் 10 யூனிட் வெப்பம், அப்படியென்றால் நாளொன்றுக்கு 2.87 லட்சம் யூனிட், 24 மணி நேரத்தால் வகுத்தால் 12 மெகாவாட். கடலில் நிற்கும் இரண்டு பெரிய காற்றாலை தருவதற்குச் சமம்.

21 ஜனவரி

இரண்டு இல்லை, ஒன்று. வெப்பத்தை அப்படியே மின்சாரமாக எண்ணிவிட்டேன். நல்ல வாயு மின்நிலையத்திலேயே கொஞ்சம் கூடக்குறையப் பாதிதான் மின்சாரமாகும், ஆக 6 மெகாவாட். 15 மெகாவாட் காற்றாலை ஒன்று நல்ல காற்றில் சராசரியாகத் தருவதே அவ்வளவுதான். உலக சாதனைக் கிணறு = ஒரு காற்றாலை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை, மூன்று வருஷ வேலையை ஒரு விசிறி சாப்பிட்டுவிட்டது.

2 பிப்ரவரி

இடையில் ஷேல் வாயுவை, அதாவது இறுகிய களிப்பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் வாயுவை, இழுத்துவிட்டார்கள். அமெரிக்க அரசு 1976இல் கிழக்கு மாநில ஷேல்களில் ஆராய்ச்சி தொடங்கியபோதும் எல்லாரும் சிரித்தார்கள், பின்னால் என்ன ஆயிற்று பாருங்கள், ஹைட்ரேட்டும் அப்படித்தான் என்று. நானே பல விண்ணப்பங்களில் இந்த வாதத்தை எழுதியிருக்கிறேன். இன்று எழுதமாட்டேன். ஷேலில் வாயு போன பிறகும் பாறை பாறையாக நிற்கும். இங்கே வாயு போனால் பாறையே போகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தது தப்பு.

அதைவிட வேடிக்கை, ஹைட்ரேட்டைக் கவிழ்த்ததே ஷேல்தான். அலாஸ்காவில் இக்னிக் சிகுமி கிணற்றில், ஹைட்ரேட்டுக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி மீத்தேனை வெளியே தள்ளமுடியுமா என்று 2012இல் சோதித்தார்கள். அங்குள்ள பூர்வகுடிகளின் இனுபியாக் மொழியில் அந்தப் பெயருக்கு 'பனிக்குள் நெருப்பு' என்று பொருள். அழகான யோசனை, கூண்டு உடையாமல் உள்ளே இருக்கும் ஆளை மட்டும் மாற்றுவது. அந்தச் சோதனை முடிந்த ஏப்ரல் மாதத்தில்தான், ஷேல் வாயு வெள்ளமாக வந்ததில், அமெரிக்காவில் வாயு விலை 2 டாலருக்குக் கீழே விழுந்தது. நான்கே வருஷத்துக்கு முன் 13 டாலர் போன விலை. விலை ஏறினால் நிதி வரும், இறங்கினால் போகும், ஆனால் ஒரு சோதனையைத் திட்டமிட்டு முடிக்கவே ஐந்தாறு வருஷம் ஆகும். அதற்குள் விலை இரண்டு தடவை புரண்டு படுத்துவிடுகிறது.

3 பிப்ரவரி

"உலகத்து எல்லா எண்ணெய், நிலக்கரியைவிட இரண்டு மடங்கு கார்பன்" என்ற வரியை யாரும் இனி இங்கே ஒட்டவேண்டாம், தயவுசெய்து. அது 1988இல் குவென்வோல்டன் போட்ட மதிப்பீடு, 10,000 கிகா டன் கார்பன் (ஒரு கிகா டன் என்றால் நூறு கோடி டன்). 2004இல் மில்கோவ் கணக்கில் 500 முதல் 2,500. தோண்டத் தோண்டக் குறைந்துகொண்டே வந்த புதையல் இது ஒன்றுதான். மிச்சம் இருப்பதிலும் பெரும்பகுதி களிமண்ணில் தூவிவிட்ட மாதிரி கிடக்கிறது, அதைத் தொடமுடியாது. மணலில் அடர்த்தியாக இருப்பதுதான் எடுக்கத் தோதானது, அது பிரமிடின் நுனி.

ஆனால் இந்தக் குறைவு தெரிந்ததே ஆராய்ச்சியால்தான். இல்லை என்று நிரூபிக்கவும் பணம் வேண்டும்.

4 பிப்ரவரி

கடல் சூடானால் எல்லா ஹைட்ரேட்டும் ஒரே நாளில் வெடித்துக் கிளம்பிவிடுமா? இல்லை. பெரும்பாலானவை ஆழத்தில், வண்டலுக்கு அடியில் இருக்கின்றன. சூடு கீழே இறங்கவே நூற்றாண்டுகள் ஆகும், கடலில் கசியும் மீத்தேனில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் வழியிலேயே தின்றுவிடும். ஆனால் கிணறு வழியாக மேலே வந்து கசிகிற மீத்தேனை எந்த நுண்ணுயிரும் தின்னாது. இருபது வருஷக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்கு. கசிவை அளக்காமல் ஒரு உற்பத்திச் சோதனைக்கும் பணம் தரக்கூடாது என்பது என் கட்சி.

16 பிப்ரவரி

இந்தியாவையும் கேட்டார்கள். தேசியத் திட்டம் 1997இல் வந்தது. 2006இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் ஆய்வுக் கப்பல் 113 நாள் சுற்றியது, கிருஷ்ணா கோதாவரி படுகையில் ஒரே இடத்தில் 128 மீட்டர் கனத்துக்கு ஹைட்ரேட். செய்தி வந்த அன்று இனிப்பு கொடுத்தவர்கள் உண்டு. பிறகுதான் அது களிமண் விரிசல்களில் இருக்கிறது என்று புரிந்தது. கண்ணுக்கு விருந்து, கைக்கு எட்டாது. 2015இல் சிக்யூவைக் கொண்டுவந்து மணலையே தேடிப் போனார்கள், அதே படுகையில் கிடைத்தது. உற்பத்திச் சோதனை இன்னும் நடக்கவில்லை. இரண்டு முறையும் கப்பல் வெளிநாட்டுடையது என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு அது குறையாகப் படவில்லை. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தேவைப்படும் கப்பலைச் சொந்தமாக வாங்கிக் கட்டிப்போடவா முடியும்?

1 மார்ச்

சரி, கடைசியில் நீ எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டார்கள். ஜனவரியில் கேட்டிருந்தால் "எரிசக்திக்காகப் பணம் போடுங்கள்" என்றிருப்பேன். காற்றாலைக் கணக்குக்குப் பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வாயு வரும் என்று வாக்குக் கொடுத்து வாங்கும் பணத்தை நிறுத்தலாம். ஆனால் நீண்ட சோதனை ஒன்றிரண்டுக்கும், அழுத்தம் குறையாமல் மேலே கொண்டுவரும் வண்டல் மாதிரிகளுக்கும், கசிவு அளவீட்டுக்கும் தொடர்ந்து கொஞ்சம் பணம் வேண்டும். கொஞ்சம் போதும், ஆனால் விலையைப் பார்த்து ஏறி இறங்கக்கூடாது. ஆறு நாள், பன்னிரண்டு நாள், முப்பது நாள் ஓட்டத்தை வைத்து ஒரு கிணறு பத்து வருஷம் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்வது, குழந்தை முதல் அடி வைத்ததைப் பார்த்து ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பது மாதிரி.

அலாஸ்காவில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 2023 அக்டோபரில் தொடங்கிச் சுமார் பத்து மாதம் ஒரே கிணற்றை ஓட்டினார்கள். இதுதான் நான் கேட்கும் ரகம். அங்கேயும் ஒரு வேடிக்கை, அந்தப் பகுதியில் சாதாரண வாயுவே ஏராளம், சந்தைக்குக் கொண்டுபோகக் குழாய் இல்லாமல் திரும்ப நிலத்துக்குள்ளேயே அடிக்கிறார்கள். அதாவது அங்கே வாயு யாருக்கும் வேண்டாம். அதனால்தான் நிதானமாக அளக்கமுடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

2 மார்ச்

"கொஞ்சம் என்றால் எவ்வளவு?" இதற்கு எண் சொல்லமாட்டேன். ஒரு தடவை எண் சொல்லி நிதிக்குழுவில் பட்ட அவமானம் போதும்.

9 மார்ச்

போன வாரம் பழைய ஆய்வக நண்பனிடம் பேசினேன். எங்கள் கலம் இன்னும் இருக்கிறதாம், ஜன்னலில் கீறல் விழுந்ததோடு சரி. ஹைட்ரேட் நிதி நின்ற பிறகு ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விடுகிறார்கள், குழாய் அடைப்பைத் தடுக்கும் ரசாயனங்களைச் சோதித்துப் பார்க்க. நாங்கள் மூன்று நாள் காத்திருந்து வளர்த்த இடத்தில் இப்போது மூன்று நாள் வளராமல் இருந்தால் வெற்றி. ஒரு தடவை ஹைட்ரேட் ஆகிக் கரைந்த தண்ணீர் அடுத்த தடவை சீக்கிரம் உறைந்துவிடும், தண்ணீருக்கு ஞாபகசக்தி என்று அப்போது கேலி பண்ணுவோம், அவசரத்துக்கு அந்தப் பழைய தண்ணீரையே வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வொரு சோதனைக்கும் புதுத் தண்ணீர் மாற்றுகிறார்களாம்.